ஜப்பானில் தோழி வீட்டில் கடைசி நாள்: எதை முன்னதாக முடிப்பது, எதை மிச்சம் வைப்பது

ஹோட்டலில் தங்கினால் கடைசி நாள் சுலபம். சாவியைக் கவுன்டரில் கொடுத்துவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஜப்பானில் சிநேகிதர் வீட்டில் தங்கினால் கதை வேறு. வீடு சின்னது, சுவர் மெல்லிசு, குப்பை போடக்கூட நாள் கிழமை பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். நாம் விமானம் ஏறிய பிறகும் நம் சிநேகிதர் அவர்களோடுதான் குடியிருக்க வேண்டும்.

என் கல்லூரித் தோழி டோக்கியோவின் எடோகாவா வார்டில், நிஷிகசாயில் இருக்கிறாள். கணினி வேலைக்குப் போன இந்தியக் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி அது. நான் வங்கியில் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவள். நாள் முடிவதற்குள் கணக்கு நேராகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் என் கட்சி இதுதான்: கடை, கார்டு, பெட்டி, பணம் என்ற வெளிவேலை எல்லாம் முந்தின நாளோடு முடியவேண்டும். கடைசி நாள் அந்த வீட்டுக்கு உரியது. அன்றைக்குப் போய் ஷிபுயாவில் கடை கடையாக ஏறி இறங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

வாங்குவதை நிறுத்தும் நாள்

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே கடைக்குப் போவதை நிறுத்திவிடுங்கள். பெட்டி நிரம்பிவிட்டது என்று தெரிந்தால்தான் அடுத்த வேலையை யோசிக்க முடியும்.

வரியில்லாமல் வாங்கும் வசதி பற்றி எல்லோருக்கும் தெரியும். பொருளுக்கு 10 சதவீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு 8 சதவீதம் நுகர்வு வரி. ஒரே கடையில், ஒரே நாளில், வரி சேர்க்காமல் 5,000 யென் அல்லது அதற்கு மேல் வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டினால் அந்த வரி நமக்கு இல்லை. 2026 அக்டோபர் கடைசி வரை கடையிலேயே கழித்துவிடுவார்கள். தின்பண்டம், கிரீம், மருந்து மாதிரியானவற்றை ஒரு பையில் போட்டு ஒட்டித் தருவார்கள். ஜப்பானை விட்டுக் கிளம்பும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. வரியோடு சேர்த்து முழுப் பணம் கட்டி வாங்கவேண்டும். விமான நிலையத்தில் சுங்கத்தில் உறுதி செய்த பிறகுதான் வரி திரும்ப வரும். அதன்பிறகு போகிறவர்கள், பெரிய பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே அந்த வேலையைப் பார்க்கவேண்டும் என்பதால், இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்கள்.

சிநேகிதர் வீட்டில் தங்குகிறவர்கள் யோசிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. வரியில்லாமல் வாங்கியது நம்மோடு நாட்டை விட்டு வெளியே போகவேண்டிய பொருள். அந்தப் பையிலிருந்து ஒரு பிஸ்கெட் டப்பாவை எடுத்துத் தோழியின் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு வாங்குவதைத் தனி பில்லில், வரி கட்டியே வாங்குங்கள். சேமிப்பது நூறு, இருநூறு யென். அதற்காக எதற்கு வம்பு.

தின்பண்ட டப்பாவில் தேதியைப் பார்க்கும்போது, அங்கே வருடம்தான் முதலில் வரும், அப்புறம் மாதம், அப்புறம் நாள். பயறு உருண்டை, கிரீம் வைத்த கேக் போன்றவை இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். அரிசி முறுக்கு மாதிரியான செம்பே தாங்கும். சைவக்காரர்கள் ஜெலட்டின் இருக்கிறதா என்று தோழியைப் படிக்கச் சொல்லுங்கள். குளிர்காலச் சாக்லேட்டுகள் சிலவற்றில் ரம் இருக்கும். மாமியாருக்குக் கொடுத்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம்.

எடை, பெட்டி

தோழி வீட்டுக் குளியலறை எடை மெஷின்தான் எனக்குத் தராசு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், பெட்டி இல்லாமல் ஏறினேன், கழித்துக்கொண்டேன். மீசோ விழுது, புட்டிங், ஜாம் எல்லாம் விமான நிலையப் பரிசோதனையில் திரவம்தான். 100 மில்லிக்கு மேல் என்றால் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கப்பாபாஷியில் சமையல் கத்தி வாங்கியிருந்தால் அதுவும் பெரிய பெட்டிக்கு. பவர் பேங்க் மட்டும் தலைகீழ், அது கைப்பையில்தான் வரவேண்டும். 2025 ஜூலையிலிருந்து ஜப்பான் விமானங்களில் அதைத் தலைக்கு மேல் உள்ள அறையில் வைக்காமல், கண்ணில் படுகிற மாதிரி பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

உடைகிற பொருளைச் சுற்ற சூப்பர் மார்க்கெட்டுக்குப் போங்கள். பல கடைகளில், பில் போட்டபின் சாமானைப் பைக்கு மாற்றும் மேடைக்குப் பக்கத்தில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள், எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டி கனமாக இருந்தால் விமான நிலையத்துக்கு முன்னதாகவே அனுப்பிவிடலாம். கறுப்புப் பூனை படம் போட்ட யமாத்தோ என்ற கூரியர் கம்பெனியின் தக்யூபின் சேவை இதற்குத்தான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் கூட்டிக் கட்டணம் போடுவார்கள். கூட்டுத்தொகை 160 வரை என்றால் எடை 25 கிலோ வரை. செவன் இலெவன், ஃபேமிலிமார்ட் கடைகளிலேயே கொடுக்கலாம். ஆனால் விமானத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் கொடுத்துவிடுங்கள். அன்று காலை கொடுத்துவிட்டு அன்று மாலை அங்கே போய்த் தேடுகிற வேலை ஆகாது.

கிழிந்த பழைய சூட்கேஸை "நீ தூக்கிப் போட்டுடு" என்று தோழி வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், தயவுசெய்து. டோக்கியோ வார்டுகளில் பொதுவாக ஒரு பக்கம் 30 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அது பெரிய குப்பைக் கணக்கு. முன்பதிவு செய்து, கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, அவர்கள் சொல்லும் நாளில்தான் வெளியே வைக்கமுடியும். அதுவரைக்கும் உங்கள் சூட்கேஸ் அவள் பால்கனியில் குடியிருக்கும்.

பணக் கணக்கு

தங்கியிருந்த நாட்களில் ரயில் டிக்கெட், கோளரங்க டிக்கெட் என்று தோழி தன் கார்டில் போட்டிருப்பாள். கேட்டால் "விடுடி" என்பாள். கேட்காமல் ஒரு தாளில் எழுதி வந்து, முந்தின இரவே முடித்துவிடுங்கள். நோட்டை வெறும் கையால் நீட்டுவது அங்கே பழக்கமில்லை. உறையில் போட்டுக் கொடுப்பார்கள். அங்கே பத்து வருஷத்துக்கு மேல் இருந்தவளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிவிட்டது. வெறும் நோட்டைத் தள்ளிவிட்டவள், உறையில் போட்டுக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டாள்.

கிளம்பும்போது பிள்ளைகள் கையில் ஏதாவது வைக்காமல் வர நமக்கு மனசு வராது. அதற்கும் நூறு யென் கடையில் சின்னச் சின்ன உறை கிடைக்கிறது, பூ, முயல் படமெல்லாம் போட்டு. அங்கே புத்தாண்டுக்குப் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கும் உறை அது. 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளில் ஆயிரம் யென்னில் இருப்பவர் கிதாசாத்தோ ஷிபாசாபுரோ, கிருமி ஆராய்ச்சி செய்த மருத்துவர். அதில் ஒன்றை மடித்துப் போட்டேன். பெரியவன் பணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நோட்டைச் சாய்த்துச் சாய்த்து, முகம் திரும்புகிற முப்பரிமாணப் படத்தைத்தான் பார்த்தான்.

சில்லறை விஷயத்தில் கேஷியர் பேச்சைக் கேளுங்கள். நோட்டை ஊரில் மாற்றலாம், யென் நாணயத்தை யாரும் வாங்கமாட்டார்கள். "அவளிடமே கொட்டிவிட்டு வருகிறேன்" என்பதும் உபகாரம் ஆகாது; அங்கே தபால் வங்கியே 2022 ஜனவரியிலிருந்து நாணயங்களை எண்ணிப் போடக் கட்டணம் வாங்குகிறது. தானியங்கி பான இயந்திரங்கள் 1 யென்னையும் 5 யென்னையும் துப்பிவிடும். அந்தக் குட்டி நாணயங்களை, காசை நாமே உள்ளே போடுகிற பில் மெஷின் உள்ள கடையில் தினம் கொஞ்சமாகக் கரைத்துவிடுங்கள். சட்டப்படி ஒரே மதிப்பு நாணயத்தை 20-க்கு மேல் கொடுத்தால் கடைக்காரர் மறுக்கலாம், அதையும் மனதில் வையுங்கள். 1 யென் நாணயம் அலுமினியம், சரியாக 1 கிராம். தோழியின் சின்ன மகள் சமையல் தராசை அதை வைத்துத்தான் சோதித்துப் பார்க்கிறாள். அவளுக்காக மட்டும் பத்து நாணயம் விட்டுவிட்டு வந்தேன்.

ரயிலுக்கும் கடைக்கும் முன்பணம் போட்டுத் தட்டுகிற சுய்கா கார்டில் மீதி வைக்காதீர்கள். திருப்பிக் கொடுத்தால் வைப்புத்தொகை 500 யென் வரும், ஆனால் உள்ளே இருக்கும் மீதியிலிருந்து 220 யென் கட்டணம் பிடிப்பார்கள். மீதியே இல்லையென்றால் பிடிக்க ஒன்றுமில்லை, 500 முழுசாக வரும். ஆகவே கடைசியாகக் கடையில் ஏதாவது வாங்கும்போது கார்டில் உள்ளதை எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, குறைவதைக் காசாகக் கொடுங்கள். சுய்காவை, அதை வெளியிடும் ஜேஆர் கிழக்கு ரயில் கம்பெனியின் நிலையங்களில்தான் திருப்ப முடியும். மெட்ரோ கவுன்டரிலோ ஒசாகாவிலோ ஆகாது. ஒசாகாவில் வாங்கிய இகோகா கார்டை டோக்கியோவில் திருப்பி வாங்கமாட்டார்கள். 28 நாள் மட்டும் செல்லும் வெல்கம் சுய்காவுக்கு வைப்புத்தொகையே கிடையாது, திருப்பவும் முடியாது. மறுபடி போகும் எண்ணம் இருந்தால் சாதாரண சுய்காவைத் திருப்பாமலே வைத்துக்கொள்ளுங்கள், கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து 10 வருடம் தாங்கும். நான் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீடு

தோழியின் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார். நான் போன அன்று லிஃப்டில் பார்த்துத் தலையசைத்தவர், பிறகு ஒருநாள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அப்படி ஒருவர் இருந்தால் சொல்லாமல் கிளம்பக் கூடாது. ஆனால் சொல்வதைக் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். காரணம் இருக்கிறது. நாம் எதையாவது கொடுத்தால் அவர்களுக்குப் பதிலுக்குக் கொடுத்தாகவேண்டும். கிளம்பும் காலையில் டப்பாவை நீட்டினால், பாவம், அந்த வயதில் கடைக்கு ஓடுவார். இரண்டு நாள் முன்னதாகப் போங்கள். ஆயிரம் யென்னுக்குள் ஒரு டப்பா போதும். விலை ஏற ஏற அவர்களுக்குப் பாரம்தான் ஏறும். கடைப் பையிலிருந்து டப்பாவை வெளியே எடுத்து, எழுத்து அவர்கள் பக்கம் இருக்கிற மாதிரித் திருப்பி, இரண்டு கையாலும் கொடுக்கவேண்டும். பையை மடித்து நாமே வைத்துக்கொள்வது.

அப்படி முன்னாலேயே கொடுத்தும் கிளம்பிய காலை கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே மாண்டரின் ஆரஞ்சுகள், விமானத்தில் சாப்பிட. ஊருக்குள் பழம் கொண்டுவருவதில் சுங்கச் சிக்கல் வரும் என்று அவற்றை வழியிலேயே தின்று முடித்தேன்.

கடைசி இரவு, கடைசிக் காலை

இரவுச் சமையல் நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு ஏதாவது பெரிசாக ஆரம்பிக்காதீர்கள். ஒற்றை அடுப்பிலும் அரையடி மேடையிலும் சாம்பார், ரசம், கூட்டு என்று விரித்தால் அவள்தான் பாத்திரம் கழுவுவாள். கொண்டுபோன பொடிகளில் மிச்சம் இருந்தவற்றை பாட்டிலில் போட்டு, காகித டேப் ஒட்டி, பெயரும் அரைத்த மாதமும் எழுதி வைத்தேன். எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஃபோனில் முகர்ந்து காட்டமுடியாது, இல்லையா.

பெட்டியை இரவே வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். செருப்பு விடுகிற அந்தத் தாழ்ந்த இடம், கென்கான், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி அதுதான். நம் விமானம் மாலையில் இருந்தாலும், பிள்ளைகளிடம் விடைபெறுவது எட்டு மணிக்கு முன்னாலேயே நடந்துவிடும், இதை மறக்காதீர்கள். அவர்கள் தாங்களாகவே நடந்து போகிறவர்கள், யாருக்காகவும் நேரம் தள்ளிப்போகாது. ஆகவே அன்றைக்கு ஏழு மணிக்கே குளித்துத் தயாராக உட்கார்ந்திருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

அவர்கள் போனதும் அறை வேலை. எனக்குக் கொடுத்தது தத்தாமிப் பாய் போட்ட அறை. பெட்டியின் சக்கரம் அதன்மேல் ஓடினால் கோரை நசுங்கிக் கோடு விழும். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பழுதுக்கு அவளிடம்தான் காசு பிடிப்பார்கள். பெட்டியைத் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தேன். ஃபுட்டான் மெத்தையின் உறை, தலையணை உறை, போர்வை உறை மூன்றையும் கழற்றி ஒன்றாக மடித்து வைத்தேன். மெத்தையை உடனே அலமாரிக்குள் தள்ளக் கூடாது. இரவு முழுக்க நம் உடம்புச் சூட்டில் அடியில் ஈரம் கோத்திருக்கும், பூஞ்சை பிடித்துவிடும். அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி நாற்காலியில் சாய்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, காப்பி குடிக்கப் போனோம். ஒரு மணி நேரம் கழித்து மூன்றாக மடித்து அவளே வைத்துக்கொண்டாள்.

குளியலறை வடிகால் மூடியைத் தூக்கி முடியை எடுத்துப் போடுங்கள். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நீளமுடிக்காரர்கள் செய்யவேண்டிய முதல் உபகாரம் அதுதான். தொட்டித் தண்ணீரைக் கேட்காமல் திறந்துவிடாதீர்கள்; பல வீடுகளில் அதைத் துணி துவைக்க எடுத்துக்கொள்வார்கள்.

குப்பைக்கு, குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் நாட்காட்டியைப் பாருங்கள். கிளம்பும் நாள் எந்தக் குப்பையின் நாளோ அதை மட்டும் காலை 8 மணிக்குள் கீழே வைக்கலாம், முந்தின இரவே வைப்பது தப்பு. மற்றதை அவரவர் பிரிவில் சுத்தமாகப் பிரித்து வைத்துவிட்டு வரலாம். பாட்டிலில் மூடியைக் கழற்றி, மேலே சுற்றியிருக்கும் தாளை உரித்து, கழுவி, நசுக்கி. வாங்கிய பொருட்களின் அட்டைகளைத் தட்டையாக்கிக் கயிறு கட்டி.

அப்புறம் சாவி. உங்களுக்கென்று ஒரு மாற்றுச் சாவி தந்திருப்பார்கள். வீட்டைக் காலி செய்யும்போது அத்தனை சாவியையும் எண்ணித் திருப்பித் தரவேண்டியது அங்கே வழக்கம். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டால் கூரியர் செலவு மட்டுமல்ல, அவளுக்கு மனக்கவலையும். செருப்பு மாட்டும் முன்பு அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

நிலையத்துக்கு

நிஷிகசாயிலிருந்து மெட்ரோவின் தோசாய் லைனில் நிஹோம்பாஷி வரை வந்து, அங்கே அசகுசா லைனுக்கு மாறவேண்டும். அந்த ஒரே லைனில் ஒரு திசையில் நரிடாவுக்கும் எதிர்த்திசையில் ஹனேடாவுக்கும் நேர் வண்டிகள் போகின்றன. வசதிதான், ஆனால் "விமான நிலையம்" என்ற பலகையை மட்டும் பார்த்து ஏறக் கூடாது. எந்த விமான நிலையம் என்று படியுங்கள். நரிடா போகும் வண்டியில் 2, 3-ஆம் முனையங்களுக்கான நிலையம் முதலில் வரும், 1-ஆம் முனையம் கடைசி.

வாரநாளில் 7:30-லிருந்து 9 மணிவரை மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2019-இல் தோசாய் லைனின் கிபா, மொன்சென்நாகாச்சோ நடுவிலான பகுதியில் கூட்ட நெரிசல் 199 சதவீதம் என்று கணக்கெடுத்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு குறைந்தாலும், பெரிய பெட்டியோடு நுழைகிற இடம் அது இல்லை. காலை விமானமாக இருந்தால் அதற்கும் முன்னால், இருட்டிலேயே கிளம்பவேண்டும். அப்போது நடைபாதையில் பெட்டியை உருட்டாமல் லிஃப்ட் வரை தூக்கிப் போங்கள், அந்த நேரத்தில் சக்கரச் சத்தம் ஒவ்வொரு கதவுக்குள்ளும் கேட்கும்.

தோழி விமான நிலையம் வரை வருவேன் என்று நின்றாள். டிக்கெட் வாசலோடு போதும் என்று சொல்லிவிட்டேன். போகவர அவளுக்கு அரை நாள் ஆகும், மதியம் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். வாசலைத் தாண்டிய பிறகு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே நாம் கண்ணில் மறையும் வரை நின்றுவிட்டுத்தான் போவார்கள். திரும்பாமல் போனால் நின்றவருக்கு ஒரு மாதிரி இருக்கும்.

விமான நிலையத்தில்

வாடகைக்கு எடுத்த பாக்கெட் வைஃபை இருந்தால், அவர்கள் தந்த உறையில் போட்டு, பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலேயே தபால் பெட்டியில் சேர்த்துவிடுங்கள். உள்ளே போய் ஞாபகம் வந்தால் வெளியே வருவது கஷ்டம். நூறு யென் நாணயங்கள் மிஞ்சியிருந்தால் நரிடாவில் கச்சாபோன் பொம்மை இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன, மிச்சக் காசுக்காகவே.

குடியேற்றச் சோதனை முடிந்ததும் தோழிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சிநேகிதர் வீட்டுக்கு என்று விசா எடுத்துப் போகிறவர்களுக்கு, அழைப்புக் கடிதத்திலும் பெரும்பாலும் உத்தரவாதக் கடிதத்திலும் அங்கே இருப்பவர்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் தேதிக்குள் நாம் கிளம்பிவிட்டோம் என்று தெரிந்தால்தான் அவருக்கு நிம்மதி. ஊர் வந்து சேர்ந்த அன்றைக்கே இன்னொரு செய்தி. அதில் பொதுவாக நன்றி சொல்லி முடிக்காமல், பக்கத்து வீட்டம்மாவுக்கும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள், ஆரஞ்சு எப்படி இருந்தது என்று. தோழி அதை ஜப்பானிய மொழியில் சொல்லிக்கொள்வாள்.